யூஜினி வாயை மூடிய தவக்காலம்

யூஜினிக்கு நாற்பத்தாறு வயது. இதுவரை அவள் எடுத்த தீர்மானங்களை எண்ணினால் வயதைத் தாண்டிப் போகும். நிறைவேற்றியவற்றை எண்ண ஒரு கையே அதிகம். பின்னேரங்களில் அரை மணித்தியாலம் நடப்பேன் என்று ஒரு ஜனவரியில் வாங்கிய சப்பாத்து, இப்போது கடைக் கவுன்ரருக்குப் பின்னால் நின்ற நிலையிலேயே தேய்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்ற விரதம் பதினொரு நாள் தாக்குப் பிடித்தது. பன்னிரண்டாம் நாள் மகள் ஏஞ்சலாவின் கணக்குப் பாட மார்க்ஸ் வந்தது. அன்றைக்கு மூன்று கரண்டி போட்டாள். ஆங்கில வகுப்புக்கென்று வாங்கிய கொப்பியில் இப்போது யாருக்கு எத்தனை ரோல்ஸ் என்று ஓடர் எழுதுகிறாள்.

அவளையும் குறை சொல்ல முடியாது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி மூன்று பேருக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். கணவன் றமேஸ் அஜக்ஸில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. ஆறு மணிக்கே வெளிக்கிட்டுவிடுவான். ஏஞ்சலாவை உலுப்பி எழுப்புவது தனியாக ஒரு உத்தியோகம். ஏழு மணிக்கு ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் அன்புராசா அண்ணையின் ரேக்அவுட் கடையில் நின்றாக வேண்டும். நாலு மணி வரை கால் கடுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் இரவுச் சமையல். சனிக்கிழமை என்றால் எவருடைய பிள்ளைக்கோ மண்டபத்தில் பிறந்தநாள். இதற்குள் ஒரு மனுசி எப்போது நடப்பது, எப்போது திருந்துவது?

இந்த வருடம் விபூதிப் புதன் அன்று பாதர் பிரசங்கத்தில் ஒரு சொல் சொன்னார். "தவக்காலத்தில மச்சம் மாமிசம் விடுறது லேசு. மரக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டு மனிசரைக் கடிச்சுத் தின்னுறம். இந்த நாற்பது நாளும் அதை விட்டுப் பாருங்கோ." அவர் பொதுவாகத்தான் சொன்னார். யூஜினிக்கோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. நெற்றியில் சாம்பலோடு, கோயில் வாங்கிலில் குந்தியிருந்தபடியே முடிவெடுத்தாள்: முன்னால் நிற்காத எவரைப் பற்றியும் நாற்பது நாளைக்கு ஒரு சொல் பேசுவதில்லை.

கெட்டது மட்டுமல்ல, நல்லதும் இல்லை. தன் வாயை அவளுக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நல்லதாகத் தொடங்கினாலும் மூன்றாவது வசனத்தில் 'ஆனால்' வந்துவிடும். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் நிறுத்த ஏலாது. பிழை விட்டால் அன்றைய பின்னேரத் தேத்தண்ணி கிடையாது என்று தண்டனையும் வைத்துக்கொண்டாள். விரதத்தை ஊருக்குத் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்றும் பாதர் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டாருக்கு மட்டும் சொல்லிவிட்டு, வெளியில் எவருக்கும் மூச்சு விடவில்லை.

சங்கதி என்னவென்றால், அன்புராசா அண்ணையின் கடையில் ரோல்ஸும் இடியப்பமும் காசுக்கு, செய்திகள் இலவசம். யார் வீடு வாங்கிக்கொண்டு பிக்கரிங் போகிறார்கள், யாருடைய மகன் டொக்ரர் படிப்பை இடையில் விட்டான், எந்த மண்டபத்தில் பின்வரிசைக்கு ஆட்டிறைச்சிக் கறி எட்டவில்லை, எல்லாம் யூஜினியிடம் சுடச்சுடக் கிடைக்கும். ஆக்கள் பொதியை வாங்கிக்கொண்டு வழக்கம்போல அரை நிமிடம் நிற்பார்கள். அவள் இப்போது "கதவை நல்லாச் சாத்திப்போட்டுப் போங்கோ, குளிர் வருது" என்றாள். முதல் கிழமையிலேயே அன்புராசா அண்ணை வந்து, "பிள்ளை, உமக்குச் சம்பளம் காணாதெண்டால் நேர சொல்லும்" என்றார்.

லண்டனிலிருந்து தங்கச்சி நிரோஷினி போன் எடுத்தாள். "உங்க சினோ கொட்டுதோ?" "ஓம், சினோ." "கனக்கவோ?" "முழங்கால் மட்டும்." அதற்குப் பிறகு இருவருக்கும் கதைக்க ஒன்றும் இல்லை. "அக்கா, என்னில ஏதும் கோவமே?" என்று கேட்டுவிட்டுத் தங்கச்சி அழுகிற குரலில் போனை வைத்தாள். ஏஞ்சலா தாயின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே? வீடு சோ குவயற்."

றமேஸ்தான் அதிசயம். இருபது வருடமாக அவள் கதை சொல்லும்போதெல்லாம் அவன் ரீவியைப் பார்த்துக்கொண்டு "ம்" கொட்டுவான். ஒரு சொல்லும் அவன் காதில் ஏறுவதில்லை என்றே அவள் நம்பியிருந்தாள். ஒன்பதாம் நாள் அவன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"உந்த ரெக்ஸ்டேல் தமையனும் தம்பியும் இப்ப கதைக்கினமோ?"

"நான் ஆரைப் பற்றியும் கதைக்கிறேல்லை எண்டு சொன்னனான்."

"போன மாசம் பாதியில விட்டனீர். வேலியை ஆர் பிடுங்கினது எண்டாவது சொல்லும்."

அவள் சொல்லவில்லை. அன்றிரவு றமேசுக்குச் சோறு இறங்கவில்லை. முதல் கிழமையில் ஆறு தேத்தண்ணி போனது, இரண்டாம் கிழமையில் இரண்டு. மூன்றாம் கிழமை திங்கட்கிழமை வரை ஒரு பிழையும் இல்லாமல் ஓடியபோது, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தீர்மானம் தன் கையில் நிற்கிறது என்று யூஜினிக்குப் பெருமை பிடிபடவில்லை. பெருமை வந்தால் பின்னாலேயே என்ன வரும் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வந்தது. கடைச் சமையலறையில் ரோல்ஸ் சுற்றும் யோகராணிக்குச் செவ்வாய் லீவு. யோகராணி யூஜினியை விட ஆறு வயது மூத்தவள். இருவருக்கும் பதினேழு வருடச் சிநேகிதம். யூஜினி வேதக்காரி, யோகராணி சைவக்காரி. அது ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. யூஜினி மூன்று கிழமையாகக் கதைக்காமல் இருப்பதைக்கூட யோகராணி கவனிக்கவில்லை. மகளின் கலியாணப் பேச்சில், இருவருக்குமான கதையையும் அவளே கதைத்துக்கொண்டிருந்தாள்.

யோகராணிக்கு ஒரே மகள் நிலக்சி, பல் டொக்ரரின் கிளினிக்கில் வேலை. அவளும் பிக்கரிங் பெடியன் வினோதனும் இரண்டு வருடமாக விருப்பம். பொருத்தம், சம்மதம், எந்தக் கலரில் சீலை என்பது வரை பிள்ளைகள் தாங்களே பார்த்து முடித்துவிட்டார்கள். இருந்தாலும் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறதே. பெண் வீட்டாரை அறிந்த மூன்று பேரிடம் மாப்பிள்ளையின் தாய் விசாரிக்காவிட்டால் அது கலியாணமே இல்லை. ரொறொன்ரோவில் முப்பது வருடம் இருந்தாலும் அந்த உரிமையை எந்தத் தாயும் விட்டுக்கொடுக்க மாட்டாள். இரண்டு பேரிடம் கேட்டாயிற்று. மூன்றாவது ஆள் யூஜினி.

நல்ல கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு அம்மா கவுன்ரரில் வந்து நின்றார். "நான் மிஸிஸ் இராஜரட்ணம், பிக்கரிங்கில இருந்து. வாற ஞாயிறு அறுபது மட்டன் ரோல்ஸ் வேணும், பிறந்தநாள் ஒண்டு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச யோகராணி எண்டு ஒரு ஆள் வேலை செய்யிறாவாம். என்ர மகனுக்கு அவவின்ர பிள்ளையைப் பேசுறம். ஆக்கள் எப்பிடி?"

இந்தக் கேள்விக்கு யூஜினியிடம் பதினேழு வருடத்துப் பதில் இருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் பாதரும் அன்றைய தேத்தண்ணியும் தெரிந்தார்கள். விழுங்கினாள்.

"அக்கா, என்னட்டக் கேக்காதேங்கோ."

மிஸிஸ் இராஜரட்ணத்தின் கண் சிறுத்தது. "ஏன், பழக்கம் இல்லையோ?"

"பதினேழு வருசப் பழக்கம்."

"அப்ப சொல்லலாம்தானே. பிள்ளை எப்பிடி?"

"நான் ஒண்டும் சொல்லக் கூடாது அக்கா. குறை நினைக்காதேங்கோ."

"நோய் வருத்தம் ஏதுமோ?"

யூஜினி தலையைக் குனிந்துகொண்டு கொப்பியில் அறுபது என்று எழுதினாள். எழுதும்போது, பாவி, ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டாள்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். கலியாண விசாரிப்பில் அது எடுபடாது. "நல்ல ஆக்கள்" என்று ஒரு சொல் சொன்னால் சாதாரணம். "தங்கமான ஆக்கள்" என்றால் கொஞ்சம் சந்தேகம். ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விட்டால், அந்தக் குடும்பத்தில் குறைந்தது ஒரு கொலையாவது நடந்திருக்க வேண்டும். பதினேழு வருடம் பழகியவள், அதுவும் ஊர்ச் செய்தியெல்லாம் தெரிந்தவள் என்று பேர் வாங்கியவள், வாயைத் திறக்க மறுத்தால் மிஸிஸ் இராஜரட்ணம் வேறு என்னதான் நினைப்பார்? யூஜினி அன்று வீட்டுக்குப் போய், வென்ற பூரிப்பில் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தாள்.

வெள்ளிக்கிழமை யோகராணி வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"பெடியன்ர தாய் யோசிச்சுச் சொல்லுறன் எண்டிட்டாவாம் யூஜினி."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் இல்லை என்று பொருள். அதற்கு மேல் எவரும் யோசித்ததும் இல்லை, சொன்னதும் இல்லை.

"தாயை மீறி வரமாட்டன் எண்டு பெடியன் பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டானாம். பிள்ளை ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. அறையை விட்டு வெளிய வருதில்லை. இஞ்ச கடைப்பக்கம் ஆரையோ விசாரிச்சவையாம். ஆரோ ஒரு நாசமாப்போவாள் என்னவோ சொல்லியிருக்கிறாள். அவளின்ர வாய் புழுக்கும், நீ இருந்து பார்!"

யூஜினி கையிலிருந்த ரோல்ஸ் தட்டைக் கீழே போட்டாள். வாழ்நாள் முழுக்க ஊரைப் பற்றிக் கதைத்து ஒரு குடும்பத்தையும் அவள் கெடுத்ததில்லை. வாயை மூடிய மூன்றாம் கிழமையில் ஒரு கலியாணம் குழம்பிவிட்டது. அதுவும் அவள் கண் முன்னால் வளர்ந்த பிள்ளையின் கலியாணம். யோகராணியிடம் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தாள். இரண்டு தடவையும் பயம் வந்து மூடியது.

வீட்டுக்கு வந்ததும் றமேசிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். விரதமாவது மண்ணாங்கட்டியாவது. அவன் ரீவியையே நிறுத்திவிட்டுக் கேட்டான். மூன்று கிழமைப் பட்டினிக்குப் பிறகு கிடைத்த கதை அல்லவா.

"நாளைக்கே போய் நல்ல ஆக்கள் எண்டு சொல்லிப்போட்டு வாறன்" என்றாள்.

"சொன்னால் நம்பமாட்டினம். யோகாக்கா அழுது, நீர் இரங்கி வந்து சொல்லுறீர் எண்டுதான் நினைப்பினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"குறை சொல்லும்."

"உங்களுக்கு விசரே?"

"ஒரு சின்னக் குறை சொன்னால் மிச்சம் எல்லாம் நம்புவினம். நான் உம்மைக் கட்டேக்க எங்கட அம்மா உம்மைப் பற்றி விசாரிச்சவ. பிள்ளை சரியான வாய்க்காரி எண்டு ஒரு மனுசி சொன்னவவாம். அம்மா, 'அவ்வளவுதானே, வேற ஒண்டும் இல்லையே' எண்டு அண்டைக்கே ஓமெண்டிட்டா."

யூஜினி எழும்பி நின்றாள். "ஆர் சொன்னது?"

"முன்னால இல்லாத ஆக்களைப் பற்றிக் கதைக்கக் கூடாது. உயிர்த்த ஞாயிறு முடியச் சொல்லுறன்" என்று றமேஸ் ரீவியைப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அறுபது ரோல்ஸையும் காரில் வைத்துக்கொண்டு இருவரும் பிக்கரிங்குக்குப் புறப்பட்டார்கள். கடை வழக்கமாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. அன்புராசா அண்ணையிடம் கெஞ்சித்தான் யூஜினி வாங்கி வந்தாள். வழி முழுக்க என்ன குறை சொல்வதென்று யோசித்தாள். நிலக்சி லீவு நாளில் பதினொரு மணி வரை தூங்குவாள். அதைச் சொன்னால் சோம்பேறி என்பார்கள். சோறு வடிக்கத் தெரியாது. மாமியாருக்கு அது சின்னக் குறை அல்ல. சின்னப் பிள்ளையின் தலையில் ஏன் பழியைப் போட வேண்டும்? கடைசியில் யோகராணியின் தலைதான் மிஞ்சியது.

கதவைத் திறந்த மிஸிஸ் இராஜரட்ணம் ரோல்ஸ் பெட்டிகளைப் பார்த்துத் திகைத்துப்போனார். விசாரிக்க ஒரு சாட்டாக ஓடர் கொடுத்தவர், அதை நிறுத்த மறந்துவிட்டார். வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். கணவர் சோபாவில் இருந்தபடி, "ஆரின்ர பிறந்தநாள்?" என்றார். "உங்கட" என்றார் மிஸிஸ் இராஜரட்ணம். "சும்மா இருங்கோ."

றமேஸ் அந்த மனிதரோடு இருந்து ரோல்ஸ் சாப்பிடத் தொடங்கினான். யூஜினி மிஸிஸ் இராஜரட்ணத்தின் பின்னால் குசினிக்குள் போனாள்.

"அக்கா, அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. மனசு கேக்கேல்லை, அதுதான் வந்தனான். பிள்ளையில ஒரு குறையும் இல்லை. தாய்க்குத்தான்..."

மிஸிஸ் இராஜரட்ணம் குசினிக் கதவைச் சாத்தினார். "தாய்க்கு?"

"தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம்."

அந்த அம்மாவின் தோள் இரண்டும் இறங்கின. ஐந்து நாளாக அவர் என்னென்ன வருத்தங்களையும் வழக்குகளையும் கற்பனை செய்து வைத்திருந்தாரோ! "வாய்தானோ? எவ்வளவு நீளம்?"

கேட்டுவிட்டாரே. யூஜினியின் நாக்கு மூன்று கிழமைக் கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. சாப்பிடப் போன வீட்டில் யோகராணி குழம்பைத் தொட்டுப் பார்த்து முகத்துக்கு நேரே உப்புக் காணாது என்றாள். யாரோ ஒருவருடைய மரண வீட்டுக்குப் போய், ஐயர் மந்திரத்தைக் குறுக்கிவிட்டார் என்று அவரோடு சண்டை பிடித்தாள். ஒருநாள் காருக்குத் தண்ட ரிக்கற் எழுத வந்தவனைச் சினோவுக்குள் முக்கால் மணித்தியாலம் மறித்து வைத்துத் தமிழிலேயே பேசினாள். அவன் கடைசியில் மன்னிப்புக் கேட்டான். மிஸிஸ் இராஜரட்ணம் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"ஆனா..." என்றாள் யூஜினி.

வழக்கமான இடத்தில் வழக்கமான சொல் வந்துவிட்டது. இந்த முறை அது வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

"ஆனா அக்கா, என்ர மகள் ஏழு மாசத்தில பிறந்தவள். ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சிருந்தவை. எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை. இவருக்கு நைட் வேலை, விட்டால் வேலை போயிடும். யோகாக்கா என்னோட கடையில சேர்ந்து அப்பதான் ரெண்டு மாசம். ரெண்டு பஸ் மாறி, அந்தச் சினோவுக்குள்ள, சரக்குத்தூள் போட்டுப் பத்தியக்கறி காய்ச்சிக்கொண்டு பதினொரு நாள் வந்தவ. தன்ர பிள்ளையையும் கையில பிடிச்சுக்கொண்டுதான் வாறவ. வந்து என்னை ஏசிப் பேசுவா. நான் அழுதால் பேசுவா, சாப்பிடாட்டில் பேசுவா, நேர்ஸையும் பேசுவா. பேசிப் பேசித்தான் என்னை எழுப்பி இருத்தினவ. அந்த வாய் இல்லாட்டில் நான்..."

பிறத்தியார் குசினியில் நின்று யூஜினி கேவிக் கேவி அழுதாள். மிஸிஸ் இராஜரட்ணம் பேப்பர் துவாயைக் கிழித்துக் கொடுத்தார். தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா?"

இனி மறைத்து என்ன? யூஜினி தவக்காலத்தைச் சொன்னாள்.

"நாற்பது நாளோ!" என்றார் மிஸிஸ் இராஜரட்ணம் மூக்கைத் துடைத்தபடி. "எங்களுக்குக் கந்தசஷ்டி ஆறு நாள்தான். அதுக்கே நான் ஆறாம் நாள் மயங்கி விழுகிறனான்."

அன்று பின்னேரமே பிக்கரிங்கிலிருந்து யோகராணிக்குப் போன் போனது. சம்மதம், நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மிஸிஸ் இராஜரட்ணம் போனை வைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு என்ன தவக்காலமா? உப்பிலிருந்து ரிக்கற்காரன் வரை, பத்தியக்கறி வரை, யூஜினி அழுதது வரை ஒன்று விடாமல் ஒப்புவித்தார்.

திங்கட்கிழமை யோகராணி வேலைக்கு வந்தாள். யூஜினியைப் பார்த்தாள். ஒரு சொல் பேசவில்லை. மா குழைத்தாள், ரோல்ஸ் சுற்றினாள், போய்விட்டாள். பதினேழு வருடத்தில் அந்தக் குசினி அப்படி அமைதியாக இருந்ததில்லை. செவ்வாய் லீவு. புதனும் அதே கதை. அன்புராசா அண்ணை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் சம்பளம் கூட்டுறன், கதையுங்கோ" என்றார். நிலக்சிக்குக் கலியாணம் சரிவந்ததே போதும் என்று யூஜினி மனதைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. சிநேகிதியை இழந்துவிட்டேன் என்றே நினைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு பொறுக்க முடியாமல் குசினிக்குள் போனாள்.

"அக்கா, பேசிப்போடுங்கோ. வாய் நீளம் எண்டு நான்தான் சொன்னனான்."

யோகராணி நிமிரவில்லை. "உப்புக் காணாது எண்டு நான் சொன்னது பொய்யே? உண்மையா உப்பில்லைத்தான். வாய் நீளம் எண்டு ஊருக்கே தெரியும். அதுக்கு ஆர் கோவிச்சது?"

"அப்ப ஏன் கதைக்காமல் இருக்கிறியள்?"

யோகராணியின் கை நின்றது.

"பதினேழு வருசம் பக்கத்தில நிண்டு வேலை செய்யிறம் யூஜினி. உலகத்தில இருக்கிற எல்லாரைப் பற்றியும் எனக்குச் சொல்லிப்போட்டாய். அந்தப் பதினொரு நாளைப் பற்றி ஒருநாள் ஒரு சொல்லு என்னட்டச் சொன்னியோ? நீ மறந்துபோனாய் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். முன்னப் பின்னத் தெரியாத ஒரு மனுசி போனில சொல்லித்தானே எனக்குத் தெரியவேண்டிக் கிடந்தது?"

எவரைப் பற்றியும் ஒரு மணித்தியாலம் கதைக்கக் கூடிய யூஜினி, அந்த ஒரு ஆளின் முகத்துக்கு முன்னால் நின்று தடுமாறினாள்.

"சொல்லன்" என்றாள் யோகராணி. "இப்ப சொல்லு. கேக்கிறன்."

"சரியான உறைப்பு அக்கா" என்றாள் யூஜினி, கண்ணீர் வாய்க்குள் போக. "அப்பிடி ஒரு கறி நான் பிறகு ஒருநாளும் சாப்பிடேல்லை."

யோகராணி மா ஒட்டிய கையோடு அவளைக் கட்டிப் பிடித்தாள். பிறகு, மிளகு அளவாகத்தான் போட்டேன், உன் நாக்கில்தான் பிழை என்று பேசத் தொடங்கினாள். கடை பூட்டும்வரை பேசினாள்.